காலம் போதவில்லை

ரேஷன் கடைக்கு மேல்மாடி, தண்டையார்பேட்டை.
மண்ணெண்ணெய் ஊற்றுவது நின்று வருஷமாகியும்
படிக்கட்டில் அந்த வாசனை.
பதினோரு கம்ப்யூட்டர், ஓடுவது ஒன்பது,
பத்தொன்பது பேர்.
ஒரு நாற்காலியில் நானும் எத்திராஜும்
ஆளுக்கொரு தொடையாக உட்காருகிறோம்.

முதல் நாள் பாஸ்வேர்டு கேட்டது.
தேசம்மா மகன் பேரை அடித்தாள்.
பலவீனமானது என்றது திரை.
"பொறந்தப்ப ரெண்டு கிலோகூட இல்ல,
இதுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

நான் அடித்தது ஒரு கன்டெய்னர் நம்பர்,
கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி.
வலுவானது என்றது, பச்சையில்.

பதினாறு வருஷம்
திருவொற்றியூர் யார்டில் டாலி எழுதினேன்.
லாரி நிற்காது. தூசிக்குள் பெட்டி கடக்கும் முன்
நாலு எழுத்து, ஏழு இலக்கம் தாளில் ஏறியாகணும்.
கடைசி இலக்கம் மட்டும் தனியே
ஒரு கட்டத்துக்குள் நிற்கும்,
மற்றதெல்லாம் நிஜமா என்று சொல்ல.
கணக்குப் போடாமலே எனக்குப் பொய் தெரியும்.

பிறகு கேட்டில் கேமரா வைத்தார்கள்.
அதற்கு டீ வேண்டாம், மழைக்கோட்டு வேண்டாம்.
அடைமழையில் அது எட்டை மூன்று என்று படித்ததை
வெளியே நின்று பார்த்து
வாட்ச்மேனிடம் சொன்னேன்.
"உட்டுடு நைனா" என்றான்.

சொல்லித்தருகிற ஷம்ஷாத்துக்கு இருபத்து மூன்று.
மூலக்கொத்தளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள்.
அவளுக்கும் மூணு மாசச் சம்பளம் பாக்கி என்று கேள்வி.
"இது ரோ, குறுக்கே போகும்.
இது காலம்ணா, மேலேர்ந்து கீழே இறங்கும்."
"அது தெரியும்மா" என்றான் எத்திராஜ்.

வேலை போன தேதியை அடித்தேன்.
கட்டம் முழுக்க
#######
கொருக்குப்பேட்டை கேட் மூடினாற்போல.
எதையோ உடைத்துவிட்டேன் என்று கையை எடுத்தேன்.

"தப்பு இல்லண்ணா.
உள்ள தேதி பத்திரமா கீது.
காலம் போதல, அவ்ளோதான்.
ஓரத்தப் புடிச்சி இழுங்க."

இழுத்தேன்.
வந்து நின்றது அந்த வியாழக்கிழமை.

பக்கத்துக் கட்டத்தில்
இன்றிலிருந்து அன்றைக் கழித்தேன்.
2941.
கல்யாண வீடுகளில் இதைத்தான்
"கொஞ்ச நாளா சும்மா இருக்கேன்" என்று
சொல்லி வந்திருக்கிறேன்.

வேலைக்கான படிவத்தில்
இடைவெளிக்குக் காரணம் கேட்டது.
அம்புக்குறியைத் தட்டினால் ஐந்து பதில் இறங்கும்:
மேற்படிப்பு, திருமணம், மகப்பேறு, உடல்நலம், மற்றவை.
எத்திராஜ் மகப்பேறை அழுத்திவிட்டான்.
வகுப்பே சிரித்தது, அவனும்.
திரும்பி வர வழி தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தான்.

நான் மற்றவை.
அதற்குள்
மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வைத்தது,
வெள்ளத்தில் சர்ட்டிபிகேட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றது,
சுகுமாரி விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது
தூங்குவதுபோல் படுத்திருந்தது.
அதைத் தட்டினால்
எதுவும் இறங்கவில்லை.

மாதவரம் குடோனில் தேர்வு வைத்தார்கள்.
இருநூறு வரி, நாற்பது நிமிஷம்.
என் விரல்கள் இரண்டுதான், ஆனால் நிற்காதவை.
நூற்று நாற்பத்து மூன்றாவது வரியை
மெஷின் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது.
நான் அதற்கு மஞ்சள் பூசினேன்.
"இன்னா சார் இது?"
"அந்த ஏழு பொய்."
மேனேஜர் கேல்குலேட்டரை எடுத்தார், வைத்தார்,
சொல்லி அனுப்புறோம் என்றார்.

அது போன சனிக்கிழமை.
இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஹார்பர் பக்கமிருந்து கூட்ஸ் வந்தது,
பெட்டிக்குப் பின் பெட்டி.
ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.
நான் உதடு அசையாமல் படித்தேன்.
கேட் தூக்கியதும் எத்திராஜ் கேட்டான்,
"எத்தினி?"

"நாப்பத்தஞ்சு.
ஒண்ணு தப்பு."